டர்போ பூட்டினால் கஸ்கட் தாங்குமா?

கேள்வி (கோண்டாவில் வாசகர்): என்னிடம் டொயோட்டா ஸ்டார்லெட் ஈபி91 கார் இருக்கிறது, எஞ்சின் 4ஈ-எஃப்ஈ. ஸ்டார்லெட்டின் டர்போ மொடலான கிளான்சாவின் டர்போவை அதற்குப் பூட்டப் போகிறேன். சிலிண்டர்கள் உள்ள பிளொக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கஸ்கட்தான் முதலில் போகும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். ஸ்டீல் கஸ்கட் போட்டு, ஹெட் போல்ட்டை வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூட இறுக்கினால் போதுமா? தெரிந்த ஒருவர் கஸ்கட்டின் இரண்டு பக்கமும் சிலிக்கன் பூசச் சொன்னார்.

பதில்: சிலிக்கனை முதலில் தூர வையுங்கள். பல அடுக்கு ஸ்டீல் கஸ்கட்டின் வெளித் தகடுகளில் மெல்லிய ரப்பர் பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு மேலே சிலிக்கன் பூசினால் அடைப்பு ஒன்றும் பலமாகாது, பிதுங்கி உள்ளே விழுகிற துண்டு ஒயில் போகிற வழியை அடைத்தாலும் அடைக்கும். டைமிங் கவர் வந்து சேருகிற மூலையில் ஒரு பொட்டு வைக்கச் சொல்லி மனுவலில் இருந்தால் அங்கே மட்டும் வையுங்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். உங்கள் எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 74 மி.மீ., அதாவது பரப்பு 43 சதுர சென்ரிமீற்றர். டர்போ ஊதும்போது உள்ளே உச்ச அழுத்தம் 80 பாரைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு சிலிண்டர் மட்டும் ஹெட்டை ஏறத்தாழ மூன்றரைத் தொன் விசையோடு மேலே தள்ளும். அதை அமுக்கிப் பிடிப்பது போல்ட்டுகள், கஸ்கட் இல்லை. ஹெட் ஒரு மயிரிழை எழும்பினாலும் சூடான காஸ் அந்த இடைவெளியால் வெளியேறி கஸ்கட்டை அரித்துவிடும், பிறகு கழற்றிப் பார்க்கிறவர் "கஸ்கட் சரியில்லை" என்பார். கடையில் ஆகப் பெரிய விலைக் கஸ்கட்டை வாங்கிவிட்டு, பழைய போல்ட்டையும் வளைந்த ஹெட்டையும் அப்படியே போடுகிறவர்கள் கனபேர். காசு போக வேண்டிய இடம் லேத் பட்டறை.

ஸ்டீல் கஸ்கட் உண்மையிலேயே நல்ல சாமான்தான். அதில் சிலிண்டரைச் சுற்றி அழுத்திவிட்டிருக்கும் மேடு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்து, ஹெட் நுண்ணிய அளவில் ஆடும்போது கூடவே எழும்பி அமரும். ஆனால் அது மென்மையான பழைய கஸ்கட் போல மேற்பரப்பின் குறைகளைப் பொறுத்துக்கொள்ளாது. ஹெட், பிளொக் இரண்டின் முகமும் தட்டையாக இருக்க வேண்டும், பளபளப்பாகவும் இருக்க வேண்டும். தட்டையைப் பார்க்க நல்ல உருக்குச் சட்டம் ஒன்றை நீளவாக்கில், குறுக்கே, பிறகு இரண்டு மூலைவிட்டங்களிலும் வைத்து அடியில் பீலர் கேஜ் (தடிப்பு குறித்த மெல்லிய தகடுகள்) விட்டுப் பாருங்கள். 0.05 மி.மீ. தகடு எங்காவது நுழைந்தால் சீவத்தான் வேண்டும், அது ஒரு சாதாரண கடதாசியின் பாதித் தடிப்புத்தான். வழுவழுப்புக்குப் பட்டறைக்காரரிடம் 0.8 மைக்ரோமீற்றர் அளவில் முடித்துத் தரும்படி கேளுங்கள். அந்த அளவைக் கேட்டு அவர் முழித்தால் வேறு பட்டறை பாருங்கள்.

பெரும்பாலானோர் விடுகிற பிழை, ஹெட்டை மட்டும் சீவிக்கொண்டு வந்து பிளொக்கை எமரித் தாளால் தேய்த்துவிடுவது. கிரைண்டரில் மாட்டும் எமரி வட்டு இன்னும் மோசம். அது கையழுத்திய இடத்தில் குழி விழுத்தும், உதிரும் தூள் ஒயிலில் கலந்து பெயரிங்கைத் தின்னும். பழைய கஸ்கட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், பிளொக்கையும் கழற்றி மெஷினில் ஏற்றுங்கள். எஞ்சினை எப்படியும் பிரிக்கத்தானே போகிறீர்கள்.

அடுத்தது போல்ட். "கொஞ்சம் கூட இறுக்கினால்" என்று கேட்டிருந்தீர்கள், கூடாது. போல்ட்டை இறுக்கும் விசையில் பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்வாகவே போய்விடுகிறது, மிச்சம் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்து ஹெட்டை அமுக்குகிறது. அதனால் ஊத்தை மரையோடு கூட்டி இறுக்குவதைவிட, சுத்தமான மரையில் சரியான எண்ணெயோடு சொன்ன அளவுக்கு இறுக்குவது கூடப் பிடிக்கும். இழுபட்டு நீளும் வகைப் போல்ட் என்றால் இரண்டாம் முறை பாவிக்கவே வேண்டாம்.

வசதி இருந்தால் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் (தலையில்லாத, இரு முனையிலும் மரையுள்ள கம்பி) போடுங்கள், ஏஆர்பி போன்ற கம்பனிகளின் ஸ்டட் கொழும்பு பஞ்சிகாவத்தையில் விசாரித்தால் கிடைக்கலாம், இல்லாவிட்டால் வரவழைக்க வேண்டும். போல்ட் சுழன்றுகொண்டே நீள்வதால் முறுக்கும் இழுவையும் சேர்ந்து விழுகிறது, அலுமினியம் பிளொக் என்றால் மரையும் தேயும். ஸ்டட் அடியில் அசையாமல் நிற்கும், மேலே நட் மட்டும் சுற்றும். பிளொக்கில் அதைக் கையால் இறுக்கினால் போதும், சாவி வேண்டாம். ஓட்டைகளைக் காற்றடித்து நன்றாகக் காய வையுங்கள். அடி மூடிய ஓட்டையில் ஒயிலோ தண்ணீரோ நின்றால், இறுக்கும்போது அது போக இடமில்லாமல் பிளொக்கையே பிளந்துவிடும். தண்ணீர் ஓடும் அறைக்குள் திறக்கிற ஓட்டை என்றால் அந்த மரைக்கு மட்டும் சீலர் வேண்டும். நட் சுற்றும் மரைக்கு ஸ்டட் பெட்டிக்குள் வருகிற மசகுப் பசையைத்தான் பூசவும், ஏனென்றால் தாளில் இருக்கும் டோர்க் (இறுக்கும் முறுக்கு) அளவு அந்தப் பசைக்கானது. நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று தடவையில் ஏற்றி இறுக்குங்கள்.

தடித்த கஸ்கட் போட்டுக் கொம்பிரஷனை (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்ற விகிதத்தை) குறைக்கலாமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள், எல்லோரும் கேட்பதுதான். 4ஈ-எஃப்ஈயின் கொம்பிரஷன் 9.6ஐ ஒட்டியது, கிளான்சாவினது 8.5. 0.6 மி.மீ. தடிப்புக் கூட்டினால் உங்களது ஏறத்தாழ 9.05க்குத்தான் இறங்கும். அதோடு பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் நெருக்கம் போய், எரிதல் மந்தமாகி, நொக்கிங் (எரிபொருள் கலவை தானாகவே வெடித்து எஞ்சின் தட்டுவது) கூடவும் செய்யலாம். குறைக்க வேண்டுமென்றால் பிஸ்டனை மாற்றுவதுதான் ஒழுங்கான வழி.

நொக்கிங்தான் கஸ்கட்டின் பெரிய எதிரி. எரிபொருள் குறைந்தோ இக்னிஷன் முந்தியோ நொக் அடித்தால் அழுத்தம் சாதாரண உச்சத்தைவிடப் பாய்ந்து ஏறும், அங்கே எந்த ஸ்டட்டும் நெடுநாள் நில்லாது. நின்றாலும் கஸ்கட்டுக்குப் பதில் பிஸ்டன் உடையும், அது இன்னும் செலவு. 95 பெற்றோல், டர்போ ஊதும் காற்றை ஆறவைக்கும் இன்டர்கூலர், டர்போவுக்கு ஏற்ற இன்ஜெக்டர், ஒழுங்கான டியூனிங், இவை நாலும் இல்லாமல் பூஸ்டை, அதாவது டர்போ ஊதும் அழுத்தத்தை, தொடவே வேண்டாம். யாழ்ப்பாணத்து மத்தியான வெயிலில் உள்ளே போகிற காற்று ஏற்கெனவே கொதிக்கிறது.

கேள்வி (சாவகச்சேரி வாசகர்): டர்போ காரை ஏ9 வீதியில் மிதித்து ஓடினால் ரேடியேற்றர் தண்ணீர் போத்தலால் வழிகிறது. ஐடிலிங்கில் மணிக்கணக்காக விட்டாலும் ஒன்றும் இல்லை, ஒயிலிலும் தண்ணீர் கலக்கவில்லை. கஸ்கட் நல்லதுதானே?

பதில்: நல்லதென்று சொல்ல மாட்டேன். பூஸ்டில் மட்டும் வழிவது ஹெட் எழும்புவதற்கான அடையாளம். மிதிக்கும்போது காஸ் தண்ணீர் அறைக்குள் புகுந்து தண்ணீரை வெளியே தள்ளுகிறது, காலை எடுத்தவுடன் மூடிக்கொள்கிறது. ஆனாலும் ஹெட்டைக் கழற்ற முதல் ரேடியேற்றர் மூடியை மாற்றிப் பாருங்கள், அதன் ஸ்பிரிங் தளர்ந்தாலும் இதே கதைதான், செலவோ சொற்பம். மூடி சரியென்றால் ஓடிவிட்டு வந்து, இரவு முழுக்க ஆறவிட்டு, காலையில் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில் அது விறைத்து நின்றால் உள்ளே காஸ் தங்கியிருக்கிறது. எரிந்த காஸ் பட்டால் நீலத்திலிருந்து மஞ்சளாகும் திரவம் ஒன்றும் இருக்கிறது, அது உள்ள கராஜில் சோதித்தால் சந்தேகம் தீரும். அதுவரைக்கும் பூஸ்ட் ஏறும்படி மிதிக்காதீர்கள்.

கேள்வி (நெல்லியடி வாசகர்): செப்புக் கஸ்கட்தான் எல்லாவற்றிலும் பலம் என்கிறார்களே, தினமும் ஓடுகிற காருக்குப் போடலாமா?

பதில்: வேண்டாம். பந்தயக் கார்களில் சிலிண்டரைச் சுற்றிக் காடி வெட்டி, அதில் கம்பி வளையம் இறக்கி, மேலே செப்புத் தகடு வைப்பார்கள். காஸை அது நன்றாகப் பிடிக்கும், தண்ணீரையும் ஒயிலையும் பிடிக்கத்தான் அடம்பிடிக்கும். அடிக்கடி கழற்றிப் பூட்டுகிறவர்களுக்கு அது பரவாயில்லை. தினமும் வேலைக்குப் போய்வர ஸ்டீல் கஸ்கட்டே நல்லது.

கேள்வி (சுன்னாகம் வாசகர்): கிணற்றுத் தண்ணீரைத்தான் இவ்வளவு நாளும் ரேடியேற்றருக்கு ஊற்றுகிறேன். டர்போ பூட்டினால் அதுவும் பிரச்சினையா?

பதில்: டர்போ இல்லாவிட்டாலும் பிரச்சினைதான். நம்முடைய நிலத்தடி சுண்ணாம்புக் கல், கேத்திலின் அடியில் படிகிற வெள்ளையைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடும் வழியில் ஒட்டினால் சில இடங்கள் மட்டும் கூடச் சூடாகும், அங்கே நொக்கிங் பிறக்கும், அலுமினிய ஹெட் வளையவும் கூடும். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீரோடு கூலன்ட் கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே வருவதை வாங்குங்கள். பழைய படிவை முதலில் கழுவி எடுத்துவிட்டு, ஹீற்றரைத் திறந்து வைத்து மெதுவாக நிரப்புங்கள், காற்று உள்ளே சிக்கினால் புதுக் கஸ்கட்டுக்கும் முதல் ஓட்டத்திலேயே கேடு.