கேளுங்க அக்காகிட்ட: மூணு சாமான் சொன்னா ஒண்ணோட வர்றான்

கேள்வி: அக்கா, என் தம்பிக்கு 27 வயசு. கொழும்புல கடையில நின்னவன். நாலு வருசத்துக்கு முன்ன காதுல யாரோ பேசுறாங்கன்னு ராவெல்லாம் தூங்காம கெடந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம், ஸ்கிசோஃப்ரினியான்னு டொக்டர் சொன்னாரு. மாசா மாசம் ஊசி, மாத்திரையும் இருக்கு. இப்ப அந்தச் சத்தமெல்லாம் இல்ல. ஆனா மாவு, பருப்பு, சவர்க்காரம்னு மூணு சாமான் சொல்லி அனுப்புனா ஒண்ணோட வந்து நிக்கிறான். அப்பா சோம்பேறின்னு திட்டுறாரு, பக்கத்து காம்பரா பாட்டி செய்வினைங்குது. மருந்துதான் இப்படி ஆக்கிருச்சா, நிப்பாட்டிப் பாக்கலாமா? (தலவாக்கலை)

பதில்: தங்கச்சி, நிப்பாட்டிறாதீங்க. அந்த ஊசிதான் சத்தத்த அடக்கி வச்சிருக்கு, விட்டா கொஞ்ச நாள் நல்லா இருக்க மாதிரி தெரியும், அப்புறம் திரும்பி வரும், ஒவ்வொரு தடவ திரும்பி வரும்போதும் பையன் எழும்புறது இன்னும் கஷ்டமாயிரும்.

இப்ப மூணு சாமான் விசயம். ஸ்கிசோஃப்ரினியான்னா காதுல சத்தம் கேக்குறது, சந்தேகப்படுறதுன்னு மட்டும் நெனைக்கிறோம். அதோட சேந்து கவனம், ஞாபகம், யோசிக்கிற வேகம், ஒரு வேலைய திட்டம் போட்டு முடிக்கிறதுன்னு இதெல்லாமும் கொறையும். இது புதுசா கண்டுபிடிச்சது இல்ல, 1890கள்லயே ஜெர்மன் டொக்டர் எமில் கிரெப்பலின் இதப் பாத்துட்டு இளவயசு புத்தி மழுங்கல்ங்கிற அர்த்தத்துல பேர் வச்சாரு, 1908ல தான் யூஜின் புளூலர் ஸ்கிசோஃப்ரினியாங்கிற பேரக் கொண்டு வந்தாரு. அந்தப் பழைய பேர் பயமுறுத்துற பேர், ஆனா பயப்படாதீங்க, வயசானவங்களுக்கு வர்ற மறதி நோய் மாதிரி இது வருசா வருசம் எறங்கிக்கிட்டே போறது இல்ல. பெரும்பாலும் ஒரு அளவுல நின்னுரும். நெறைய பிள்ளைங்களுக்கு இது சத்தம் கேக்குறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிருக்கும். யோசிச்சுப் பாருங்க, ஓ லெவல் படிக்கிற நேரத்துல தம்பிக்கு மார்க்ஸ் கொறைய ஆரம்பிச்சுச்சா, கூட்டாளிங்கள விட்டு ஒதுங்குனானா?

கொழுந்து நிறுக்கிற மடுவத்துல கணக்கப்பிள்ளை எடையக் கேட்டு, கூடைக்குக் கழிச்சு, செக்ரோல்ங்கிற பேர்ப் பதிவுல எழுதுற வரைக்கும் அந்த நம்பர தலைக்குள்ளயே வச்சிருப்பாரு பாருங்க. அந்தக் கொஞ்ச நேர ஞாபகத்துக்கு மூளையில உள்ள எடம் தம்பிக்குச் சின்னதாகிருச்சு. மாவு உள்ள போகும்போது சவர்க்காரம் வெளிய விழுந்துரும். இதுக்குப் பேர் சோம்பேறித்தனம் இல்ல, அப்பாகிட்ட இத அப்படியே வாசிச்சுக் காட்டுங்க.

மருந்து பத்தி ஒண்ணு. ஊசியால கை நடுங்குது, ஒடம்பு விறைக்குதுன்னு பென்செக்சால்னு ஒரு சின்ன மாத்திரை குடுப்பாங்க. அது ஞாபகத்தக் கொறைக்கும். நடுக்கம் போய் ரொம்ப நாளாகியும் அதே மாத்திரை கிளினிக் கொப்பியில தொடர்ந்து எழுதப்பட்டு வர்றத நான் நெறையவே பாத்திருக்கேன், 20 வருசத்துக்கு மேல மனநல கிளினிக்ல நர்சா இருந்தவ நான். அடுத்த கிளினிக்ல கொப்பியக் காட்டி "இது இன்னும் தேவையா டொக்டர்?"னு கேளுங்க. நீங்களா வெட்டாதீங்க, திடீர்னு விட்டாலும் கஷ்டப்படுத்தும். சத்தத்த நிப்பாட்டுற மருந்து இந்த மறதிக்குப் பெருசா உதவாது, அதனால டொக்டர் "சத்தம் கேக்குதா, தூங்குறானா?"னு மட்டும் கேட்டா விட்றாதீங்க, மூணு சாமான் கதைய நீங்களாவே சொல்லுங்க. மூளைக்குப் பயிற்சி குடுக்கிற முறை இருக்கு, அன்றாட வேலைகளத் திரும்பப் பழக்குற தொழில்வழி சிகிச்சை செய்றவங்ககிட்ட அனுப்ப முடியுமான்னும் கேளுங்க.

வீட்டுல துண்டு எழுதிக் குடுங்க, அவன் கையாலயே எழுத வைங்க. ஒரு நேரத்துல ஒரு வேலை. மாத்திரைக்கு ஃபோன்ல அலாரம். ஒரே கடை, ஒரே வழி. முழுநாள் வேலைக்கு இப்பவே அனுப்பாதீங்க, தோட்டத்து நர்சரியில பை நெரப்புறது மாதிரி ஒரே அசைவு திரும்பத் திரும்ப வர்ற வேலை ரெண்டு மணித்தியாலம் செய்யட்டும், அப்புறம் கூட்டலாம். "எத்தன தடவ சொல்றது"ங்கிற வார்த்தைய மட்டும் விட்ருங்க. நானே ஒரு காலத்துல ஒரு பையன்கிட்ட அதச் சொன்னேன், அவன் கொப்பிய மடியில வச்சுக்கிட்டு சத்தமில்லாம அழுதான், இன்னைக்கும் எனக்கு அது மனச விட்டுப் போகல.

கேள்வி: அம்மாவுக்கு 63 வயசு, ஆறு மாசத்துக்கு முன்ன பாரிசவாதம் வந்து இப்ப நடக்குறாங்க, நல்லாப் பேசுறாங்க. ஆனா தேத்தண்ணிக்கு ரெண்டு தடவ சீனி போடுறாங்க, கேஸ் அடுப்ப அணைக்காம போயிர்றாங்க. டெஸ்ட் வச்சு 30க்கு 14னு சொன்னாங்க. அம்மாவுக்கு புத்தி போயிருச்சா? (ஹட்டன்)

பதில்: கை கால் திரும்பிருச்சுன்னா எல்லாரும் சொகம்னு நெனைச்சிர்றோம், ஆனா திட்டம் போட்டு வரிசையா ஒண்ணொண்ணா செய்ற பகுதியிலயும் அடி பட்டிருக்கும். தேத்தண்ணி போடுறது நமக்கு லேசா தெரியுது, அதுல எத்தன படி இருக்குன்னு எண்ணிப் பாருங்க.

ஆனா அந்த 14 எனக்கு அப்படியே சரின்னு படல. நீங்க சொல்றத வச்சு அது ஞாபகத்தையும் யோசிக்கிறதையும் பாக்குற மொக்காங்கிற டெஸ்ட் மாதிரி தெரியுது, 2005ல கனடாவுல வெளியிட்டது, 26ஓ அதுக்கு மேலயோ எடுத்தா சரி, 12 வருசமோ அதுக்குக் கொறைவோ படிச்சவங்களுக்கு ஒரு மார்க் சேத்துக் குடுப்பாங்க. அம்மா படிச்ச காலத்துல தோட்டப் பள்ளிக்கூடத்த அரசாங்கம் எடுக்கல, அது 1970கள்ல தான் ஆரம்பிச்சுச்சு, அதுக்கு முந்தி அனேகமா ஒரு கூடம், ஒரு வாத்தியார். மூணு வருசம் அப்படிப் படிச்சிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன ஒருத்தர பெட்டிப் படம் வரைய சொல்றது, காண்டாமிருகத்தக் காட்டிப் பேர் கேக்குறது, அதுவும் சிங்களத்துல கேட்டு பக்கத்துல யாரோ மொழிபெயர்த்தா, அந்த ஒரு மார்க் போதுமா? தமிழ்ல, தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் செய்யணும்னு தைரியமா கேளுங்க, அது ஒங்க உரிமை. எழுத்து கொறைவா தெரிஞ்சவங்களுக்குன்னே தனி டெஸ்ட்டுகளும் இருக்கு.

அம்மா சாப்பாட்டுத் தட்டுல ஒரு பக்கம் மட்டும் சாப்புட்டு மறுபக்கத்த விடுறாங்களா பாருங்க, அப்படின்னா டொக்டர்கிட்ட சொல்லணும். மொகம் வாடி, ஒண்ணுலயும் பிடிப்பில்லாம இருந்தாலும் சொல்லுங்க, பாரிசவாதம் வந்தவங்கள்ல கிட்டத்தட்ட மூணுல ஒருத்தருக்கு மனச்சோர்வு வரும், அதுவே மறதி மாதிரி தெரியும், அதுக்கு மருந்து இருக்கு. சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் ரொம்ப நாளா குடிச்சா பி12 விட்டமின் கொறையும், தைரொய்டோட அதையும் ரத்தத்துல பாக்கச் சொல்லுங்க. பிரசர் மாத்திரைய ஒருநாளும் விடாதீங்க, இன்னொரு தடவ வந்தா இப்ப இருக்கதும் போகும். வாய் கோணுனா, கை விழுந்தா, பேச்சு குழறுனா 1990க்கு அடிங்க, காசில்லாத அம்புலன்ஸ், சில மருந்து நாலரை மணித்தியாலத்துக்குள்ள தான் குடுக்க முடியும். அடுப்புக்கு ஒரே வழி, பாவிச்சு முடிஞ்சதும் யாராவது ரெகுலேட்டர மூடிறணும்.

கேள்வி: போன மாசம் தாத்தா ரெண்டு நாள் ஆள் தெரியாம, இல்லாதவங்களோட பேசிக்கிட்டு இருந்தாரு. நூல் கட்டுனோம். ஆஸ்பத்திரியில மூத்திரத்துல கிருமின்னு சொல்லி மருந்து குடுத்ததும் தெளிஞ்சிட்டாரு. இது பைத்தியமா? (பண்டாரவளை)

பதில்: இல்ல. வயசானவங்களுக்கு கிருமி, ரத்தத்துல உப்புக் கொறையுறது, சீனி எறங்குறது, புது மாத்திரை, இதுல ஏதாவது ஒண்ணால மூளை சில மணித்தியாலத்துலயே கொழம்பிரும். மறதி நோய் மாசக்கணக்கா மெல்ல வர்றது, இது திடீர்னு வர்றது, காலையில தெளிவா இருந்து ராவுல மோசமாகும். நூல் கட்டுறதுல எனக்குக் கோபமில்ல, ஆனா அந்த ரெண்டு நாள் தான் ஆபத்து. ஒரு தடவ வந்தவருக்குத் திரும்ப வரலாம், வந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, வீட்டுல இருக்க மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு, அவரோட கண்ணாடியையும் எடுத்துக்குங்க.