ஆயுள் 74 என்று ஏட்டில் வந்தால், பணத்தை 74-க்குள் செலவழித்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 61, மனைவிக்கு 54. நூற்பாலை ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். சொந்த வீடு உண்டு. ஒரே மகளுக்குத் திருமணம் முடிந்துவிட்டது. பி.எஃப்., கிராஜுவிட்டி, சேமிப்பு எல்லாம் சேர்த்து 72 லட்சம் ரூபாய் இருக்கிறது. பி.எஃப். பென்ஷன் மாதம் 3,200. வீட்டுச் செலவு 38,000. சென்ற மாதம் வைத்தீஸ்வரன்கோயிலில் நாடி ஏடு பார்த்தேன். ஆயுள் காண்டத்தில் 74 என்று வந்தது. பணத்தை 7 சதவீத வட்டியில் போட்டு மாதம் 70,000 எடுத்தால் 13 ஆண்டில் தீர்கிறது. கோயில் குளம், வெளிநாடு எல்லாம் பார்த்துவிடலாம் என்று நினைக்கிறேன். பழைய முதலாளி மாதம் 18,000 சம்பளத்தில் பகுதிநேர வேலைக்குக் கூப்பிட்டார், வேண்டாம் என்றுவிட்டேன். மருத்துவக் காப்பீட்டையும் இனிப் புதுப்பிக்கப் போவதில்லை. அந்தக் காண்டத்தை மட்டும் பார்க்க வேண்டாம் என்று மனைவி அழுதாள். போகும் நாள் தெரிந்திருப்பது நல்லதுதானே ஐயா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் கூட்டல் கழித்தலில் தவறில்லை. 72 லட்சம், 7 சதவீதம், மாதம் 70,000 என்றால் 13 ஆண்டுகளில் கையிருப்பு கரைந்துவிடும். ஆனால் இருவர் வாழ வேண்டிய பணத்தை ஒருவருடைய ஆயுளால் வகுத்திருக்கிறீர்கள். ஏடு சொன்னது அப்படியே பலிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அன்று உங்கள் துணைவியாருக்கு வயது 67. உங்கள் பி.எஃப். பென்ஷனில் பாதி, அதாவது மாதம் 1,600 ரூபாய், அவருக்கு வரும். அதையும் ஒரு வீட்டையும் வைத்துக்கொண்டு அவர் இன்னும் இருபது ஆண்டுகள் வாழ வேண்டியிருக்கலாம். பெண்கள் ஆண்களைவிடச் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். அவரோ உங்களைவிட ஏழு வயது இளையவர். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 38,000-க்கு நடக்கும் குடும்பம் 13 ஆண்டு கழித்து ஏறக்குறைய 81,000 கேட்கும். இதைப் படித்ததும் மனம் கனத்துப்போனதால்தான் உங்கள் கடிதத்துக்கு முதலில் பதில் எழுதுகிறேன்.

ஏடு பலிக்காமல் நீங்கள் 85 வரை இருந்தால்? பிரான்சில் ஆர்ல் என்ற ஊரில் ஜான் கால்மான் என்ற மூதாட்டி இருந்தார். 1965-இல் அவருக்கு 90 வயது. 47 வயது வழக்கறிஞர் ஒருவர் அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்: மூதாட்டி உயிரோடு இருக்கும்வரை மாதம் 2,500 பிராங்க் கொடுப்பது, அவர் காலத்துக்குப் பின் வீடு வழக்கறிஞருக்கு. அந்த நாட்டில் இது வழக்கமான ஏற்பாடுதான். 90 வயது என்றால் யாரும் அப்படித்தான் துணிவார்கள். ஆனால் வழக்கறிஞர் 1995-இல், 77 வயதில் இறந்தார். அதன் பிறகும் அவர் மனைவி பணம் கட்ட வேண்டியிருந்தது. மூதாட்டி 1997-இல்தான் காலமானார், 122 வயதில். அதற்குள் வீட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது. ஒரு மரணத் தேதியை நம்பிப் பணத்தைக் கட்டிய குடும்பத்தின் கதை அது.

தெரிந்துகொள்வது நல்லதா என்று கேட்டீர்கள். ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் நடத்திய ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. வரப்போகும் கெட்ட செய்திகளை முன்கூட்டி அறிய விரும்பாதவர்கள் 85 முதல் 90 சதவீதம். உங்கள் துணைவியாரும் அந்தப் பெரும்பான்மையில் ஒருவர்தான். அறிய விரும்பாதவர்களே ஆயுள் காப்பீட்டை அதிகம் வாங்கியிருந்தார்கள் என்பதும் அதில் தெரிந்தது. எனக்கும் தெரிய வேண்டாம். தேதி தெரிந்தவர் அந்தத் தேதிவரை மட்டுமே ஏற்பாடு செய்வார். அதற்கு உங்கள் கடிதமே சாட்சி. (தீராத நோய்க்கு மருத்துவர் காலம் சொல்லியிருந்தால் விஷயம் வேறு. அப்போது வேறு திட்டம் போட வேண்டும்.)

எல்ஐசிக்கும் தனி ஒருவர் எப்போது போவார் என்று தெரியாது. லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதன் கணக்கு நிற்கிறது. ஆயுள் முழுவதும் தரும் பென்ஷன் திட்டங்களில் முன்னதாகப் போனவர்களின் பங்கு நீண்ட நாள் இருப்பவர்களைத் தாங்குகிறது.

இனி உங்கள் பணம். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், துணைவியாரை இணைத்து, உச்சவரம்பான 30 லட்சத்தைப் போடுங்கள். தற்போதைய 8.2 சதவீதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வரும். அஞ்சலக மாத வருமானத் திட்டத்தில் கூட்டுக் கணக்காக 15 லட்சம், 7.4 சதவீதத்தில் மாதம் 9,250. பென்ஷனையும் சேர்த்தால் மாதம் 32,950 ஆகிறது. மேலும் 5 லட்சம் அவசரத்துக்காக வங்கியில் இருக்கட்டும்.

மீதி 22 லட்சம்தான் முக்கியம், ஏனென்றால் அது 74-க்குப் பிறகு வரும் ஆண்டுகளுக்கான பணம். பங்கும் கடன் பத்திரமும் கலந்த மியூச்சுவல் ஃபண்டில் இரண்டு ஆண்டுகளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள், 70 வயதுவரை தொடாதீர்கள். ஆண்டுக்கு 9 சதவீதம் வளர்ந்தால் ஏறக்குறைய 48 லட்சம் ஆகும். உத்தரவாதம் கிடையாது, சில ஆண்டுகள் இறங்கவும் செய்யும். 70-இல் அதில் ஒரு பகுதியைக் கொண்டு, உங்களுக்குப் பிறகும் துணைவியாருக்கு முழுத் தொகையும் வரும்படியான இருவர் பென்ஷன் திட்டம் வாங்குங்கள்.

மருத்துவக் காப்பீட்டை விடவே விடாதீர்கள். அது அவருக்கும் சேர்த்துத்தானே? ஒருமுறை விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள்வரை காத்திருக்கச் சொல்லலாம். கெடு தேதி கடந்திருந்தால் சலுகை நாட்கள் முடிவதற்குள் கட்டிவிடுங்கள். உயிலும் எழுதுங்கள். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, அதனாலேயே உரிமையாளர் ஆகிவிடமாட்டார். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உயில் பதிவு செய்யாவிட்டாலும் செல்லும். பதிவு செய்தால் பின்னால் சச்சரவு குறையும்.

பயண ஆசையைக் கைவிடச் சொல்லவில்லை. வட்டியும் பென்ஷனும் போக வீட்டுச் செலவுக்கு மாதம் 5,050 ரூபாய்தான் குறைகிறது. அந்தப் பகுதிநேர வேலையில் 18,000 வந்தால் மிச்சமாகும் சுமார் 13,000-இல் இருவரும் காசிக்கும் போகலாம், ஓரிரண்டு ஆண்டு சேர்த்தால் சிங்கப்பூருக்கும் போகலாம். அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களா என்று இந்த வாரமே பழைய முதலாளியிடம் கேளுங்கள். இந்தக் கணக்கை உங்கள் துணைவியாரை உட்காரவைத்துக்கொண்டு ஒருமுறை போட்டுப் பாருங்கள்.