செம்மஞ்சள் சட்டை எதற்கு என்று மகள் கேட்கிறாள்

கேள்வி: அக்கா, செப்டெம்பர் 30ஆம் திகதி செம்மஞ்சள் சட்டை போட்டுவரச் சொல்லி மகளின் பாடசாலையிலிருந்து கடிதம் வந்தது. அவளுக்கு எட்டு வயது. “ஏனம்மா?” என்று கேட்டாள். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கணவரோ, “நாங்களே அகதியா வந்த சனம். வெள்ளைக்காரன் செய்ததுக்கு எங்கடை பிள்ளை ஏன் சட்டை போடவேணும்?” என்கிறார். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், ஸ்காபரோ

அன்புத் தங்கைக்கு,

முதலில் மகளின் கேள்வி. 1973இல், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில், பிலிஸ் வெப்ஸ்ராட் என்ற ஆறு வயதுப் பூர்வகுடிச் சிறுமி, பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பாடசாலை ஒன்றுக்குப் புறப்பட்டாள். பாட்டி அவளுக்குப் புதிய செம்மஞ்சள் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தார். போன முதல் நாளே அதைக் கழற்றி எடுத்துவிட்டார்கள். திருப்பிக் கொடுக்கவேயில்லை. அதன் நினைவாகத்தான் செப்டெம்பர் 30இல் செம்மஞ்சள் சட்டை போடுகிறார்கள். இதை எட்டு வயதுப் பிள்ளையிடம் அப்படியே சொல்லலாம். “ஏன் எடுத்தவை?” என்று கேட்டால், பூர்வகுடிப் பிள்ளைகள் தங்கள் மொழியையும் வழக்கங்களையும் மறக்கவேண்டும் என்று அரசாங்கம் நினைத்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள். அந்தப் பாடசாலைகளில் இறந்த பிள்ளைகளின் புதைகுழிகளைப் பற்றி அவளாகக் கேட்கும்போது பேசலாம், அவசரமில்லை.

நீங்கள் இருவரும் மிச்சத்தையும் அறிந்திருக்கவேண்டும். அரசு பணம் கொடுக்க, தேவாலயங்கள் இந்தப் பாடசாலைகளை நடத்தின. 150,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அவற்றுக்குள் போனார்கள். 1920இல் சட்டமே அதைக் கட்டாயமாக்கியது. தாய்மொழி பேசிய பிள்ளைக்கு அடி விழுந்தது. அங்கே பிள்ளைகள் காசநோயால் சாகிறார்கள் என்று அரசாங்கத்தின் சொந்த மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907இலேயே அறிக்கை எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னதை ஒதுக்கி வைத்தார்கள். எனக்குத் தாங்கமுடியாத கோபம் வருவது இந்த இடத்தில்தான். தெரிந்தே சாகவிட்டார்கள். கடைசிப் பாடசாலைகள் மூடப்பட்டது 1990களில். அங்கே படித்தவர்கள் பலர் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள்.

இனி உங்கள் கணவர். இந்தக் குற்றம் அவருடையது அல்ல, அந்தச் சட்டையும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நாம் தஞ்சம் புகுந்த மண்ணுக்குச் சொந்தக்காரர் இருந்தார்கள், இருக்கிறார்கள். ரொறன்ரோவின் பெரும்பகுதி 1805இல் மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து பத்து ஷில்லிங்குக்கு எழுதி வாங்கப்பட்டது. 2010இல்தான் அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்து அந்த நிலம் பற்றிய அவர்களது கோரிக்கையைத் தீர்த்தது.

இந்தப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் முன்வைத்த 94 பரிந்துரைகளில் கடைசி இரண்டும் நம்மைப் போல வந்து குடியேறியவர்களைப் பற்றியவை. ஒன்று, இந்த வரலாறு அவர்களுக்குச் சொல்லப்படவேண்டும். மற்றது, பூர்வகுடிகளுடன் செய்த உடன்படிக்கைகளை மதிப்பதாகக் குடியுரிமை உறுதிமொழியில் சேர்க்கவேண்டும். 2021இல் உறுதிமொழி அதற்கேற்ப மாற்றப்பட்டது. நம்மிடம் கேட்டது அவ்வளவுதான். யாரும் நம்மைப் பழி சுமக்கச் சொல்லவில்லை.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை உங்கள் கணவர் மகளுக்கு ஒருநாள் சொல்லத்தான் போகிறார். அந்த அக்கறையோடு பிலிஸின் கதையையும் அவரே சொல்லட்டும். மகள் சட்டை போட்டுப் போகட்டும்.

பிரான்ட்போர்ட்டில், 1970இல் மூடப்பட்ட மொஹாக் வதிவிடப் பாடசாலையின் கட்டடத்தை அங்குள்ள பூர்வகுடிச் சமூகம் இடிக்கவிடாமல் காத்து வைத்திருக்கிறது. பக்கத்திலேயே வுட்லண்ட் பண்பாட்டு மையம். திறந்திருக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு முதலில் நீங்கள் இருவரும் போய்வாருங்கள். மகள் இன்னும் கொஞ்சம் வளரட்டும், பிறகு அவளையும் கூட்டிப்போகலாம்.