மகள் கணக்கியல் படிக்கலாமா? ஒரு தந்தைக்குப் பதில்

வணக்கம் ஐயா,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கணக்கியல் பிடித்திருக்கிறது. உங்களுக்கோ, அவள் படித்து முடிப்பதற்குள் அந்த வேலையெல்லாம் வேறு நாட்டுக்குப் போய்விடுமோ என்ற கவலை. உலகமயமாக்கல் நல்லதா கெட்டதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நன்மையும் உண்டு, கெடுதலும் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே ஆளுக்குப் போய்ச் சேருவதில்லை. படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியது அதைத்தான்.

நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன், பயத்தில் அது கண்ணில் படாமல் போகிறது. உலக வங்கியின் கணக்குப்படி 1990ல் உலக மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் கடும் வறுமையில் இருந்தார்கள். 2015ல் அது பத்தில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்கியது. சீனா போன்ற நாடுகளில் ஏற்றுமதித் தொழிற்சாலைகள் கொடுத்த சம்பளத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

சரி, அடி யாருக்கு விழுந்தது? 2001ல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு, அமெரிக்காவில் மரச்சாமான், துணி, காலணி செய்துவந்த ஊர்கள் நொடித்துப்போயின. 1999 முதல் 2011 வரை சீன இறக்குமதியால் சுமார் 20 லட்சம் வேலைகள் போயின என்று பொருளாதார ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். பொருள் விலை குறைந்த லாபம் நாடு முழுக்கச் சில்லறையாகப் பரவியது. வேலை போன நஷ்டம் சில ஊர்களின் தலையில் மொத்தமாக இறங்கியது. வேலை போனவர்கள் வேறு ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள்வார்கள் என்று பலர் நினைத்தார்கள். பெரும்பாலும் அப்படி நடக்கவில்லை. வீட்டுக் கடன், வயதான பெற்றோர், பிள்ளைகளின் பள்ளி என்று மனிதருக்கு ஆயிரம் கட்டுகள். அதனால்தான், ஒரே தொழிலுக்கு மட்டும் பயன்படும் படிப்பை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வேலை வந்து சேர்ந்த இடத்திலும் எல்லாம் சுகமில்லை. வங்கதேசத்தின் சாவரில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிவந்த ராணா பிளாசா கட்டடம் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முந்தைய நாளே விரிசல் தெரிந்தது. அந்தக் கட்டடத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்றது. தையல் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள், வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்ற பயத்தில் அவர்களும் போனார்கள். அதன் பிறகு உலக பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் போட்ட பாதுகாப்பு ஒப்பந்தத்தில், ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையும் எழுதப்பட்டது. எந்த வேலையானாலும் உங்கள் மகள் 'முடியாது' என்று சொல்லக்கூடிய இடமா என்று பாருங்கள். சம்பளத்துக்கு அடுத்தபடி நான் கேட்கச் சொல்லும் கேள்வி இதுதான்.

இனி கணக்கியல். பொருளாதார அறிஞர் ஆலன் பிளைண்டர் 2006லேயே ஒன்றைச் சுட்டிக்காட்டினார். தரம் குறையாமல் இணையம் வழியே தூரத்துக்கு அனுப்பக்கூடிய வேலையா, இல்லையா என்பதுதான் இனி முக்கியம், எவ்வளவு படித்தவர் செய்யும் வேலை என்பது அல்ல என்றார். கணக்கியலுக்குள்ளேயே இந்தப் பிரிவு இருக்கிறது. பில்லைப் பார்த்துப் பதிவு போடுவது, வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது, சம்பளப் பட்டியல் தயாரிப்பது எல்லாம் எங்கிருந்தும் செய்யலாம். இப்போது மென்பொருளும் போட்டிக்கு வந்துவிட்டது. இதை மட்டும் கற்றுக்கொண்டால் உங்கள் கவலை சரிதான்.

ஆனால் கிடங்குக்குள் போய்ச் சரக்கைத் தொட்டுப் பார்க்கும் தணிக்கையாளரை நினைத்துப் பாருங்கள். புத்தகத்தில் முழு விலைக்கு ஏறியிருக்கும் பெட்டிகள் தூசி படிந்து, விலை போகாமல் கிடப்பதை அவர் கண்டுபிடிக்கிறார். அதை முதலாளியின் முகத்துக்கு நேரே சொல்லி, மதிப்பைக் குறைத்து எழுத வைக்கிறார். அது அவ்வளவு சுலபமாக இடம் மாறாது. இன்னொன்று, உலகமயமாக்கலே உண்டாக்கிய வேலைகளும் இருக்கின்றன. பல நாடுகளில் கிளை உள்ள நிறுவனம் தன் கிளைகளுக்கிடையே பொருளை என்ன விலைக்கு விற்றதாகக் கணக்குக் காட்டுகிறது என்பதை ஒவ்வொரு நாட்டு வரித்துறையும் துருவிப் பார்க்கிறது. அதற்குத் தேர்ந்த ஆட்கள் வேண்டும். நிறுவனங்கள் கணக்குக் காட்டுவதற்கான பொது விதிகளான சர்வதேச நிதி அறிக்கைத் தரநிலைகளை 140க்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் ஏற்றிருக்கின்றன. அதைக் கற்றவருக்கு எல்லை தாண்டியும் வாய்ப்பு உண்டு. ஆனால் பட்டம் எல்லை தாண்டினாலும் தொழில் உரிமம் தானாகத் தாண்டாது. எந்தத் தொழில்முறைத் தேர்வு எங்கே செல்லும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே படிக்கட்டும் ஐயா, தடுக்காதீர்கள். சேர்க்கைக்கு முன் கல்லூரியின் பாடத்திட்டத்தை வாங்கி, அதில் தணிக்கை, வரிச் சட்டம், தரவுப் பகுப்பாய்வு, நேரடிப் பயிற்சிக் காலம் ஆகியவை இருக்கின்றனவா என்று மகளையே குறிக்கச் சொல்லுங்கள். இல்லாதவற்றை எனக்கு எழுதி அனுப்பட்டும். அவற்றை வெளியே எங்கே கற்கலாம் என்று அப்புறம் சேர்ந்து பார்ப்போம்.