நாயும் பூனையும் இருக்கும் வீட்டில் செடிப்பூச்சிகளை விரட்டுவது எப்படி?

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் எங்கள் நாய் ரோஜாத் தொட்டியைத் தோண்டி மண்ணைத் தின்றுவிட்டது. ராத்திரி வாந்தி, விடிந்ததும் ரத்தக் கழிச்சல். "தொட்டியில் என்ன போட்டீங்க?" என்று டாக்டர் கேட்டபோதுதான் உறைத்தது. ஆமணக்குப் புண்ணாக்கு! இயற்கை உரம்தானே என்று அள்ளிப் போட்டிருந்தேன். ஆமணக்கில் ரிசின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. அந்தப் புண்ணாக்கு வாசனையோ நாய்களைச் சுண்டி இழுக்கும். மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றித்தான் பிழைத்தது. இப்போது வேப்பம் புண்ணாக்கு மட்டும்தான். ஒரு தடவை மோந்து பார்த்தது, அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை.

செம்பருத்தியில் மாவுப்பூச்சி, அவரையில் அசுவினி என்றால் முதலில் ஹோஸ் பைப்பால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். பாதி அதிலேயே உதிர்ந்துவிடும். மிச்சத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து, அதில் 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டுக் கலக்குங்கள். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். தேனீக்கள் அடங்கிய பிறகு, பொழுது சாயும்போது தெளியுங்கள். வெயிலில் தெளித்தால் இலை கருகும். இலை காயும்வரை பூனையை வெளியே விடாதீர்கள், மேலே பட்டதை நக்கிவிடும். அசுவினிக்கு நடுவே பொறிவண்டு தெரிந்தால் தெளிக்கவே வேண்டாம். அது தின்று தீர்த்துவிடும்.

நத்தைக்குக் கடையில் தரும் குருணை மருந்து வேண்டவே வேண்டாம். பலவற்றில் இருக்கும் மெட்டால்டிஹைடு நாயின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும், உயிரே போகலாம். சாயங்காலம் ஈரச் சாக்கை விரித்து, அடியில் நாலு முட்டைகோஸ் இலை வையுங்கள். காலையில் சாக்கைத் தூக்கினால் கொத்தாக ஒட்டியிருக்கும். கையுறை போட்டு எடுத்து உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள், மண்ணில் உப்பைக் கொட்டாதீர்கள். எங்கள் வேலியோரம் ஒரு செம்போத்து வருகிறது, அதுவும் தன் பங்குக்கு நத்தை தின்கிறது.

எலி விஷமும் அப்படித்தான், விஷம் தின்ற எலியைப் பிடிக்கிற ஆந்தைக்கும் பூனைக்கும் சேர்த்து வைத்ததாகிவிடும். கூண்டு போதும்.

பறக்கும் சின்னப் பூச்சிகளைப் பிடிக்கத் தொங்கவிடும் மஞ்சள் ஒட்டும் அட்டை நல்லதுதான். ஆனால் ஒருநாள் அதில் ஒரு பல்லிக்குஞ்சு வயிறு ஒட்டித் துடித்துக்கொண்டிருந்தது. சமையல் எண்ணெய் தடவித் தடவி விடுவிக்கக் கால் மணி நேரம் ஆனது. இப்போது அட்டையைச் சுற்றிக் கம்பிவலை கட்டித்தான் தொங்கவிடுகிறேன்.