தொப்பி அடித்தால் டர்ர்ர்...

கேள்வி: என் ப்ளூடூத் ஸ்பீக்கரில் மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) அடி விழும்போதெல்லாம் 'டர்ர்ர்' என்று அதிர்கிறது. பேச்சு சுத்தமாகக் கேட்கிறது. கடையில் ஸ்பீக்கரையே மாற்றச் சொல்கிறார்கள். நானே திறந்து பார்க்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தாராளமாகப் பார்க்கலாம், அம்மா. ஆனால் திறக்கும் முன் பத்து நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். போனில் டோன் ஜெனரேட்டர் (நாம் சொல்லும் சுருதியில் ஒலி எழுப்பும்) செயலி ஒன்றைப் போட்டு, அளவான சத்தத்தில் 50 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏற்றுங்கள். அதிர்வு வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, முன்வலை, பட்டன் ஓரம், அடிப்பாகம் என்று ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். எங்கே அழுத்தினால் சத்தம் அடங்குகிறதோ, கோளாறு அங்கேதான்.

எங்கே அழுத்தியும் அடங்கவில்லையா? அப்படியானால் உள்ளே ஏதோ ஆடுகிறது. என் ஸ்பீக்கரில் அது பேட்டரி. விரல் தடிமனில் இருக்கும் 18650 செல்லைப் பிடித்திருந்த ஒட்டுப்பஞ்சு காய்ந்து விட்டுப்போய், ஒவ்வொரு தாழ்ந்த சுரத்துக்கும் செல் பிளாஸ்டிக்கில் மோதிக்கொண்டிருந்தது. இரண்டு துண்டு ஃபோம் டேப் வைத்தேன், சத்தம் போயே போச்சு. ஸ்பீக்கரின் கூம்பில் (அதிர்ந்து ஒலி எழுப்பும் கிண்ணம் போன்ற பகுதி) உரசும் ஒயரும் இதே சத்தத்தைத் தரும். அதையும் ஒதுக்கி ஒட்டிவிடுங்கள்.

திருகுகள் பெரும்பாலும் அடியில் உள்ள ரப்பர் கால்களுக்குக் கீழே ஒளிந்திருக்கும். ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டினால் ரப்பர் கிழியாமல் வரும். மூடியைச் சட்டென்று இழுக்காதீர்கள், உள்ளே ஒயர்கள் குட்டையாக இருக்கும். முதல் வேலை, பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. செல்லை உலோகத்தால் நெம்பவே கூடாது. உப்பியிருந்தால் அதைத் திரும்பப் போடாதீர்கள். இன்னொன்று, ஸ்பீக்கர் காந்தம் ஸ்க்ரூ டிரைவரை வெடுக்கென்று இழுக்கும். கூம்பில் குத்தினால் கதை முடிந்தது. அதனால் கூம்பின் மேல் ஓர் அட்டையை வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள்.

கூம்பின் இரு பக்கமும் விரல் வைத்துச் சமமாக, மெல்ல அழுத்திப் பாருங்கள். 'சரசர' என்று உரசினால் கூம்போடு ஒட்டிய கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) கோணியிருக்கிறது. கடைக்காரர் சொன்னதுதான் சரி. கூம்பும் காந்தமும் சேர்ந்த அந்த உள் ஸ்பீக்கரின் பின்னால் 4 ஓம் (மின்தடை அளவு) என்று இருந்தால் அதே 4 ஓமில், அதே விட்டத்தில் ஒன்று வாங்கிப் போடுங்கள்.

மூடும்போது திருகுகளை முறுக்கித் தள்ளாதீர்கள், பிளாஸ்டிக் மரை போய்விடும். அப்புறம், தண்ணீர் புகாது என்று போட்டிருந்த ஸ்பீக்கராக இருந்தால், திறந்து மூடிய பிறகு அதை நம்பி மழையில் வைக்காதீர்கள்.