கூட்டம் பாடும்போது: வாசகர் கேள்வி – பதில்

(இங்கிலாந்தின் குவீன் ராக் இசைக்குழுவின் மேடை நிகழ்ச்சிகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் இசைக்கலைஞன் அல்ல. மேடைக்கு எதிரே, எல்லா மைக்குகளின் ஒலியையும் கலந்து சரிசெய்யும் மிக்சர் போர்டில் உட்கார்ந்து சவுண்டு பார்ப்பவன்.)

கச்சேரி வீடியோக்களில் பாடகர் பாதிப் பாட்டில் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிவிடுகிறார். "பாடுறதுக்குத்தானே காசு வாங்கினான்?" என்று கேட்கிறார் என் அப்பா. நான் என்ன சொல்ல?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

அப்பாவை உட்காரவைத்து குவீனின் 'லவ் ஆஃப் மை லைஃப்' பாட்டை இரண்டு விதமாகப் போட்டுக் காட்டுங்கள். முதலில் 1975-இல் வந்த 'எ நைட் அட் தி ஆப்பெரா' ஆல்பத்தில் உள்ளது. பியானோ, ஹார்ப், அடுக்கடுக்கான குரல்கள் என்று ஸ்டுடியோவில் இழைத்து இழைத்துச் செய்தது. அடுத்து 1979-இல் வெளியான 'லைவ் கில்லர்ஸ்' பதிவு. அதில் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மேயின் 12 தந்தி கிட்டார் ஒன்றுதான். பாடகர் ஃப்ரெடி மெர்குரி ஓர் இடத்தில் பாடுவதை நிறுத்திவிடுகிறார். அரங்கம் அந்த வரியை எடுத்துப் பாடுகிறது. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். முதல் பதிவில் அந்தப் பாட்டு ஒருவருடைய துக்கம். இரண்டாவதில் அது எல்லோருடையதும் ஆகிவிடுகிறது.

அந்தக் கூட்டக் குரல் எப்படிச் சுருதியோடு கேட்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? தனித்தனியாகக் கேட்டால் பலர் சுருதி விலகித்தான் பாடுவார்கள். ஒருவர் கொஞ்சம் மேலே போவார், இன்னொருவர் கீழே இறங்குவார். பத்தாயிரம் பேர் சேரும்போது மேலேயும் கீழேயும் போனதெல்லாம் ஒன்றையொன்று ஈடுகட்டி, நடுவில் உள்ள சுருதிதான் காதில் நிற்கும். அந்த ஒலியை நான்கு பேரை வைத்து எந்த ஸ்டுடியோவிலும் உண்டாக்க முடியாது.

இன்னொன்றும் சொல்லுங்கள். கூட்டம் பாடத் தொடங்கியது பாடகரின் சோம்பலால் இல்லை. 1977 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டில் உள்ள பிங்லி ஹாலில் குவீன் வாசித்தது. நிகழ்ச்சி முடிந்து மேடையை விட்டு இறங்கிய பிறகும் ரசிகர்கள் கலையவில்லை. லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் மைதானத்தில் பாடும் 'யூ வில் நெவர் வாக் அலோன்' பாட்டை அவர்களாகவே இசைக்குழுவை நோக்கிப் பாடினார்கள். பிரையன் மே இதைப் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நெருக்கியடித்து நிற்கிற ஆட்களால் என்ன செய்ய முடியும் என்று அன்று இரவு அவர் யோசித்தாராம். கால் தட்டலாம், கை தட்டலாம், பாடலாம். அதிலிருந்து பிறந்ததுதான் 'வீ வில் ராக் யூ'. ஃப்ரெடி எழுதிய 'வீ ஆர் தி சாம்பியன்ஸ்' பாட்டோடு சேர்ந்து ஒரே இசைத்தட்டாக அந்த அக்டோபரிலேயே வெளிவந்தது.

1985 ஜனவரியில் 'ராக் இன் ரியோ' விழாவில் 'லவ் ஆஃப் மை லைஃப்' வந்தபோது, போர்த்துகீசியம் பேசும் பிரேசில் மக்கள் லட்சக்கணக்கில் நின்று ஆங்கிலத்தில் பாடினார்கள். அந்த வீடியோவில் ஃப்ரெடியின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறவர் முகம் அப்படி இருக்காது.

ஸ்டேடியத்தில் எல்லோரும் கை தட்டும்போது டிவியில் பார்த்தால் அலை மாதிரி முன்னாலிருந்து பின்னால் போகிறது. தாளம் தெரியாததாலா?
– பள்ளி ஆசிரியர், மதுரை

தாளம் சரியாகத்தான் இருக்கிறது, ஐயா. ஒலிதான் மெதுவாகப் போகிறது. காற்றில் அது வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அடி போய்ச் சேர ஏறக்குறைய 0.3 வினாடி ஆகிவிடும். தன் காதில் விழுந்த அடிக்குச் சரியாகத்தான் அவர் தட்டுகிறார். முன்வரிசைக்காரரும் அப்படியே. மேலிருந்து காட்டும் கேமராவுக்குத்தான் அது அலையாகத் தெரியும்.

நடுவில் கோபுரம் கோபுரமாக ஸ்பீக்கர் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றை எங்கள் ஆட்கள் டிலே டவர் என்பார்கள். மேடையிலிருந்து வரும் ஒலி அந்த இடத்தை அடையும் நேரத்துக்குப் பொருத்தி, அதே ஒலியைச் சற்றுத் தாமதித்து வெளியே விடும். அப்படிச் செய்யாவிட்டால் பின்னால் நிற்பவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு முறை கேட்கும்.

உண்மையான சிக்கல் மேடையில் இருப்பவர்களுக்குத்தான். அடி பின்வரிசைக்குப் போக 0.3 வினாடி, அவர்கள் தட்டியது திரும்பி வர இன்னொரு 0.3 வினாடி. அந்தக் கைதட்டலைக் கேட்டு வாசித்தால் டிரம்மர் இழுபட்டுக்கொண்டே போவார், பாட்டு படுத்துவிடும். புதிதாக மேடையேறும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வதும் இதுதான்: "கூட்டத்தைப் பாரு, ஆனா அதன் கையைக் கேட்டு வாசிக்காதே."

இப்போது பெரும்பாலானோர், தாம் பாடுவதையும் வாசிப்பதையும் தாமே கேட்க, காதுக்குள் செருகும் மானிட்டர் என்ற சின்ன ஸ்பீக்கர் போட்டுக்கொள்கிறார்கள். தாளத்துக்கு அது நல்லது. ஆனால் கூட்டத்தின் சத்தம் அப்படியே அறுந்துபோகும். கண்ணெதிரே ஆயிரக்கணக்கானோர் குதிக்க, கண்ணாடி அறைக்குள் பாடுவதுபோல் இருக்கிறது என்று பாடகர்கள் தவிப்பார்கள். அதனால் மேடை விளிம்பில் கூட்டத்தைப் பார்த்தபடி தனியாக மைக் வைத்து, அந்த ஆரவாரத்தைக் கொஞ்சம் அவர்கள் காதுக்குள் அனுப்புகிறோம். அப்படியும் சிலர் ஒரு பக்கத்து மானிட்டரைக் கழற்றிவிடுவார்கள். நேராகக் கேட்க வேண்டும் அவர்களுக்கு.

இனி 'வீ வில் ராக் யூ' எப்படிப் பதிவானது என்று பாருங்கள். லண்டனில் வெசெக்ஸ் ஸ்டுடியோ, முன்பு தேவாலயத்தைச் சேர்ந்த கட்டடம். அங்கே கிடந்த பலகைகள் மேல் ஏறி மிதித்தார்கள், கை தட்டினார்கள், அதையே திரும்பத் திரும்பப் பதிந்து அடுக்கினார்கள். பிரையன் மே இயற்பியல் படித்தவர், பிற்பாடு 2007-இல் வானியற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். வெவ்வேறு தூரத்தில் நிற்கும் ஆட்கள் மிதிப்பதுபோல் ஒவ்வோர் அடுக்குக்கும் வெவ்வேறு தாமதம் கொடுத்தார். எதிரொலியாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக அந்தத் தாமதங்களைப் பகா எண்களின் விகிதத்தில் அமைத்தார். எதுவும் எதன் மேலும் விழாது. நீங்கள் கேமராவில் பார்த்த அந்த அலையைத்தான் அவர் மூடிய அறைக்குள் கணக்குப் போட்டு உண்டாக்கினார். ஸ்டாஃபர்ட் கூட்டத்திடம் வாங்கிய ஒலி இசைத்தட்டு வழியாக உலகத்துக் கூட்டங்களுக்கெல்லாம் திரும்பிப் போனது. இந்தத் தொழிலில் எனக்கு இதைவிட மகிழ்ச்சி தரும் கதை வேறில்லை.

'லைவ் எய்ட்' நிகழ்ச்சியில் குவீன் மேடையில் இருந்தது 20 நிமிடம் சொச்சம்தான் என்கிறார்கள். அதற்கு இவ்வளவு புகழா?
– வங்கி ஊழியர், திருச்சி

புகழுக்குப் பொருத்தமான 20 நிமிடம். 1985 ஜூலை 13, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காக லண்டன் வெம்ப்ளியில் நடந்த நிகழ்ச்சி. சுமார் 72,000 பேர். குவீன் மேடையேறியபோது மாலை வெயில் இருந்தது. ஆகவே விளக்கு வேடிக்கை எதற்கும் வழியில்லை. கூட்டமோ குவீனுக்காக மட்டும் வந்ததல்ல, பல இசைக்குழுக்களின் ரசிகர்கள் கலந்து நின்றார்கள்.

'ரேடியோ கா கா' வந்ததும் அத்தனை பேரும் தலைக்கு மேல் கையைத் தூக்கி இரட்டைத் தட்டு தட்டினார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. முந்தைய ஆண்டு வந்த அந்தப் பாட்டின் வீடியோவில் குவீன் ரசிகர் மன்றத்தினர் அப்படித் தட்டியிருந்தார்கள். டிவியில் பார்த்தது எல்லோர் கையிலும் தங்கியிருந்தது.

அந்தப் பாட்டு முடிந்ததும் ஃப்ரெடி சொற்களே இல்லாமல் குரலை இழுக்கிறார், கூட்டம் திருப்பிப் பாடுகிறது. நம் ஊர் பஜனையில் ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்களே, அதே முறை. முதலில் யாராலும் பாடக்கூடியதைக் கொடுக்கிறார், அவர்கள் தொட்டதும் இன்னும் கொஞ்சம் கடினமாக்குகிறார். ஒருமுறை ஒரே ஸ்வரத்தில் நீளமாக நிற்கிறார், கூட்டமும் நிற்கிறது. தோற்றுவிட்டோம் என்று அவர்கள் உணரும்படி எதையும் அவர் கொடுக்கவில்லை. அதில்தான் அவர் எவ்வளவு பெரிய கலைஞர் என்பது எனக்குத் தெரிகிறது.

ஃப்ரெடி மெர்குரி இந்தியரா?
– வாசகர், விருதுநகர்

பார்சி பெற்றோருக்கு 1946-இல் சான்சிபாரில் பிறந்தவர். இயற்பெயர் ஃபரூக் புல்சாரா. பள்ளிப் படிப்பு மகாராஷ்டிரத்தின் பாஞ்ச்கனியில். பள்ளி இசைக்குழுவில் பியானோ வாசித்ததும் அங்கேதான்.

கூட்டத்தைப் புகழ்ந்துகொண்டே போகிறீர்கள். அந்த இரைச்சலை வெறுத்த கலைஞர்களே இல்லையா?
– வாசகி, யாழ்ப்பாணம்

இருந்தார்கள், அக்கா. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு.

1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் 55,600 பேர் முன்னால் பீட்டில்ஸ் வாசித்தது. அன்றைய ஆம்ப்ளிஃபயர்களால் அந்த அலறலை மீற முடியவில்லை. தாம் வாசிப்பதைத் தாமே கேட்பதற்கு மானிட்டர் ஸ்பீக்கரும் கிடையாது. தன் குரல் தனக்குக் கேட்காமல் பாடிப் பாருங்கள், எவ்வளவு கொடுமை என்று புரியும். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வாசித்தார்கள். டிக்கெட் போட்டு அவர்கள் நடத்திய கடைசி நிகழ்ச்சி அது. அதன் பிறகு ஸ்டுடியோவுக்குள் போய்விட்டார்கள். அந்த ரசிகர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுடைய அன்புக்கு ஈடுகொடுக்கும் கருவிகள் அன்றைக்கு வந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

பிங்க் ஃபிளாய்ட் கதை வேறு. 1977 ஜூலை 6, மான்ட்ரியால் ஒலிம்பிக் ஸ்டேடியம். வெடிச் சத்தமும் கூச்சலுமாக இருந்த கூட்டத்தைப் பார்த்துக் கொதித்துப்போன, அந்தக் குழுவின் ரோஜர் வாட்டர்ஸ், முன்வரிசை ரசிகர் ஒருவர் மேல் துப்பிவிட்டார். தான் செய்ததை நினைத்து அவரே அதிர்ந்துபோனார். ரசிகர்களுக்கும் தனக்கும் நடுவே ஒரு சுவர் எழுந்துவிட்டது என்ற அந்த எண்ணம்தான் 1979-இல் 'தி வால்' ஆல்பமாக வந்தது. அதை மேடையேற்றியபோது, வாசிக்க வாசிக்க அட்டைக் கற்களால் இசைக்குழுவையே மறைக்கும் சுவர் ஒன்றை எழுப்பி, கடைசியில் இடித்துத் தள்ளினார்கள்.

தேதிகளைக் கவனியுங்கள். ஸ்டாஃபர்ட் மே மாதம், மான்ட்ரியால் ஜூலை. ஒரே கோடைக்காலம். கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டு ஒருவர் அதற்கென்றே பாட்டு எழுதினார், இன்னொருவர் சுவர் எழுப்பினார். இரண்டும் பெரிய படைப்புகள். ஆனால் ஒரு நிகழ்ச்சிக்கு சவுண்டு பார்க்க என்னைக் கூப்பிட்டால் ஸ்டாஃபர்டுக்குத்தான் போவேன்.

'பொஹீமியன் ராப்சடி' பாட்டின் நடுவில் வரும் ஆப்பெரா பகுதியை மேடையில் டேப்பில் ஓட்டிவிட்டு குவீன் ஆட்கள் உள்ளே போய்விடுவார்களாமே, இது மோசடி இல்லையா?
– கிட்டார் மாணவர், சேலம்

மறைத்துச் செய்தால் மோசடி. அவர்கள் மேடையைக் காலி செய்துவிட்டு, விளக்குகளை மட்டும் ஆடவிட்டு வெளிப்படையாகவே ஓட்டினார்கள். அடுக்கடுக்காகப் பதிந்த குரல்களை நான்கு பேர் நின்று பாட முடியாது. பாடுவதுபோல் வாயசைக்கவும் அவர்களுக்கு மனம் வரவில்லை. எனக்கு அதில் மரியாதைதான்.

இதற்கு ஒரு பின்கதை உண்டு. 2017 ஜூலை 1, லண்டன் ஹைட் பார்க். கிரீன் டே குழு மேடையேறக் காத்திருந்த நேரத்தில் ஸ்பீக்கரில் இந்தப் பாட்டைச் சும்மா போட்டார்கள். அங்கிருந்த சுமார் 65,000 பேரும் தொடக்கம் முதல் கடைசி வரை பாடித் தீர்த்தார்கள். ஆப்பெரா பகுதியைப் பாடினார்கள், கிட்டார் வாசிப்பைக்கூட வாயால் பாடினார்கள். குவீனே மேடையில் பாடாத அந்த இடத்தைக் காலியான மேடையைப் பார்த்துக்கொண்டு ரசிகர்கள் பாடியதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. ஃப்ரெடி மறைந்து 25 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.

எல்லோரும் போனைத் தூக்கிப் படம் எடுக்கிறார்கள். உங்களுக்கு எரிச்சலாக இல்லையா?
– வாசகி, புதுச்சேரி

இல்லை. ஒரு பாட்டை எடுங்கள், பிறகு பைக்குள் போடுங்கள். போனின் சின்ன மைக் இவ்வளவு பெரிய சத்தத்தைத் தாங்காமல் நசுக்கிவிடும். நீங்கள் நெஞ்சில் உணர்ந்த பேஸ் என்ற தாழ்ந்த அதிர்வொலி அதில் இருக்காது. பதிவு செய்யும் ஆசை பழையதுதான். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு, டேப் ரெக்கார்டரோடு வரும் ரசிகர்களுக்கு 1984-இலேயே தனி இடம் ஒதுக்கியது.

மகன் முதல் முறையாக ராக் கச்சேரிக்குப் போகிறான், நிற்கும் டிக்கெட். கூட்ட நெரிசலை நினைத்தால் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், திருநெல்வேலி

உங்கள் பயம் வீண் பயம் அல்ல, அம்மா. 1979 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் சின்சினாட்டியில் 'தி ஹூ' குழுவின் நிகழ்ச்சிக்கு வந்த 11 பேர் அரங்க வாசலிலேயே நெரிசலில் இறந்தார்கள். இடம் எண் கிடையாது, முதலில் நுழைபவருக்கே முன்னிடம். உள்ளே ஒலிச் சோதனை கேட்டதும் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது என்று எண்ணி எல்லோரும் முன்னால் தள்ளினார்கள். திறந்த கதவுகளோ மிகச் சில. ரசிகர்களின் ஆவேசம் என்று அதை ஒதுக்கிவிடுவது அநியாயம். கதவு திறக்காத ஏற்பாடுதான் கொன்றது. அந்த நகரம் பிறகு பல ஆண்டுகள் இப்படி இடம் எண் இல்லாத டிக்கெட்டுக்குத் தடை போட்டது.

மகனிடம் சொல்லுங்கள்: கதவு திறந்ததும் ஓடாதே. நுழைந்த வாசல் தவிர இன்னொரு வாசல் எங்கே என்று பார்த்துக்கொள். நண்பர்கள் பிரிந்தால் எங்கே சேர்வது என்று முன்பே பேசிவை, உள்ளே போனில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். நெருக்கம் கூடினால் கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொள். தள்ளுவோரை எதிர்த்து முட்டாமல், தள்ளல் ஓய்கிற இடைவெளியில் குறுக்காக ஓரத்துக்கு நகரு. பக்கத்தில் யாராவது விழுந்தால் முதலில் தூக்கிவிடு. காதுக்கு இயர் பிளக் வாங்கிக் கொடுங்கள், பஞ்சு போதாது.

எந்த இடத்தில் நின்றால் நன்றாகக் கேட்கும்?
– வாசகர், ஈரோடு

மிக்சர் போர்டுக்குப் பக்கத்தில். என்னைப் போன்ற ஒருவர் அங்கே நின்று கேட்டுத்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார். மேடைக்கு மிக அருகே போனால் குரலைவிட டிரம்ஸும் கிட்டார் ஆம்ப்பும்தான் மேலோங்கும். ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து பாடத்தான் போகிறீர்கள் என்றால் முன்னாலேயே போங்கள். சவுண்டை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.